புல்லில் போன தடம்

ஈஸ்டர் லீவுக்குக் கிரான்பர்ன் வீட்டிலிருந்து பழைய கேம்பர்வானை ஓட்டி வந்த விக்னராஜாவுக்கு முதுகு முறிந்துவிடும்போல் இருந்தது. "கொங்கிரீட் தளமா, புல்லுத்தரையா?" என்று, வான்களை நிறுத்தித் தங்கும் முகாமின் அலுவலகத்துப் பெண் கேட்டாள். போன மாரியில் புல்லில் புதைந்த வானை இழுத்தெடுத்த களை அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"கொங்கிரீட்," என்றார்.

"புல்லெண்டால் கதிரை போட்டு இருந்திருக்கலாம்," என்று மனைவி யோகராணி முணுமுணுத்தாள். அவர் வானைக் கொங்கிரீட்டில் ஏற்றி நிறுத்தினார். போய்ப் படுத்தவர் விடியத்தான் எழும்பினார்.

வானுக்குள் யோகராணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஒருமாதிரிப் புல்லுக்கு மாத்திப்போட்டீங்கள். நல்ல நித்திரை," என்றாள்.

அவர் இறங்கிப் பார்த்தார். வான் கொங்கிரீட்டில்தான் நின்றது. பக்கத்துப் புல்லில் வானின் சில்லுத் தடம் ஈரமாகப் பதிந்திருந்தது. திரும்பும் பயணத்தில் சில்லுக்குக் கீழே வைத்து நசிக்க அவள் கொண்டுவந்த நாலு தேசிக்காயும், தடம் முடிந்த இடத்தில் நசியாமல் சேற்றில் அமிழ்ந்து கிடந்தன. தடம் புல்லுக்குள்ளே போயிருந்தது. வெளியே வரவில்லை.

அவர் திரும்பி வானுக்குள் எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"வாங்கோவன், தேத்தண்ணி ஆறப்போகுது," என்று, தடம் முடிந்த வெறும் புல்லிலிருந்து யோகராணியின் குரல் கூப்பிட்டது.