காதுக்குள் ஒரு குரல்

"காதுக்குள்ள யாரோ என்னைத் திட்டிக்கிட்டே இருக்காங்க டாக்டர்," என்றாள் அம்மா. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாதாமாதம் போய் வாங்கினாள். ஒருநாள் மனநல ஆஸ்பத்திரி வாசலில் அவளைப் பார்த்த யாரோ, மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டில் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். சம்பந்தியம்மா போன் செய்தாள்.

"பொண்ணு தங்கம்தான். ஆனா தாய்க்கு மூளை சரியில்லைன்னா, நாளைக்கு அவளுக்கும் வராதா? இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அப்பா போனை வீசினார். "பெத்த பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியேடி! உனக்குக் கிறுக்குப் பிடிச்சதுக்கு அவ ஏன்டி அழியணும்?"

அம்மா மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். முந்தானை முடிச்சிலிருந்த மாத்திரையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

மகள் விழுங்கிவிட்டு மெல்லச் சொன்னாள்: "அந்தக் குரல் இன்னைக்குத் திட்டவே இல்லம்மா."