காதுக்குள் இருந்த அம்மா

எட்டு வயது அபிஷாவுக்குக் கவனச் சிதறல். பல் தேய்க்கப் போகிறவள் பிரஷ்ஷும் கையுமாக மொட்டைமாடியில் நின்று மேகம் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் நாகர்கோவிலில் அவள் படித்த பள்ளியில் காதில் வைத்துக்கொள்ளக் கடலை அளவில் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அது அவளுடைய அம்மா ஷெர்லியின் குரலிலேயே பேசும். ஒரு வேலையை முடித்த பிறகுதான் அடுத்ததைச் சொல்லும்.

"அந்த அம்மா கத்தவே மாட்டா, தெரியுமா?" என்று மகள் ஒருநாள் சொன்னதிலிருந்து ஷெர்லிக்கு அதன்மேல் பொறாமை.

திங்கட்கிழமை காலை, சட்டைப் பைக்குள்ளேயே கிடந்து வாஷிங் மெஷினில் சுற்றி, கருவி செத்துப்போனது. வேன் வர இருபது நிமிடம்தான் இருந்தது.

"பல்லைத் தேய்ச்சு, யூனிஃபார்ம் மாட்டி, டிபனை எடுத்து..." என்று ஆரம்பித்த ஷெர்லி, மகள் முழித்த முழியைப் பார்த்து நிறுத்தினாள். மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மக்களே, முதல்ல சாக்ஸ். அது மட்டும் போதும்."

அபிஷா ஒன்றைக் காலில் போட்டாள். இன்னொன்றைக் கையில் மாட்டிப் பாம்பாக்கி, அம்மாவின் மூக்கைக் கடித்தாள். ஷெர்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சரி, இப்ப பாம்பைக் காலுக்கு அனுப்பு."

அனுப்பினாள். அப்படியே ஒவ்வொன்றாக முடித்து, ஒற்றைச் சடையோடு அபிஷா வேனுக்கு ஓடினாள்.

"ஸ்கூல்ல புதுசு தராங்களாம். வாங்கிருவமா?" என்று மாலையில் ஷெர்லி கேட்டாள்.

அபிஷா யோசித்தாள்.

"கிளாஸுக்கு மட்டும் போதும்மா. வீட்ல நீயே சொல்லு. அதுக்குச் சிரிக்க வராது."