அடிபடாத தொடை

“தொடையிலை அடி ஏதும் பட்டதோ?” என்று டொக்டர் அருந்ததி கேட்டார்.

“இல்லை. வீடும் கோயிலும்தான்,” என்றார் சோமசேகரம். மனைவி கேதீஸ்வரிக்கான கேள்விகளுக்கெல்லாம் அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“காய்ச்சலும் வீக்கமும் இருக்கு. அடிபட்டிருந்தால் தசைக்குள்ளை சீழ் எண்டு ஊசியாலை எடுத்துப் பாக்கலாம். இல்லையெண்டால் புற்றுநோயோ எண்டு கொழும்புக்கு அனுப்பவேணும்.”

சோமசேகரம் கதிரையைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் கேதீஸ்வரி வாய் திறந்தார்.

“போன மாசம் பள்ளிக்கூடத்திலை பழைய மாணவிகளின்ரை வலைப்பந்துப் போட்டி. நானும் விளையாடினனான். எதிர்ப்பக்கம் விளையாடின மகாதேவியின்ரை முழங்கால் தொடையிலை இடிச்சது.”

“கோயிலுக்கெண்டல்லோ போனனீர்?” என்றார் சோமசேகரம்.

“நாப்பது வருசத்துக்குப் பிறகு பந்து கையிலை வந்துது, டொக்டர். அப்ப நோவு தெரியேல்லை.”

ஊசியில் சீழ்தான் வந்தது. “சீழை முழுக்க எடுத்து மருந்து ஏத்தினால் வருத்தம் மாறும்,” என்றார் டொக்டர்.

சோமசேகரம் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“போட்டியிலை வெண்டனீங்களோ?”

“ஓம். கடைசிக் கோல் என்ரை.”