பச்சை விளக்கு

பல்கலைக்கழக விழா மேடையில் சிறப்பு விருந்தினரை "அறிவுக்கடல்" என்று புகழ்ந்து முடித்த பேராசிரியர் தணிகாசலம், தண்ணீர் குடிக்கத் திரைக்குப் பின்னால் போனார். சட்டையில் மாட்டியிருந்த காலர் மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

மைக் வெலவெலத்துப் போனது. அரங்கத்தில் நான்கு ஸ்பீக்கர்களும் உயிரோடு இருந்தன. சத்தத்தைக் குறைக்க வேண்டிய ஆபரேட்டர் லூர்துசாமியோ கடைசி வரிசைக்குப் பின்னால், படம் வராத புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் செத்துப்போயேன்," என்று தன் பேட்டரியிடம் கெஞ்சியது மைக்.

"என்னண்ணே பேசறீங்க? காலையிலதான் என்னைப் போட்டாங்க. பழைய பேட்டரி பாதிப் பேச்சுல நின்னுடுச்சாம். அதைக் குப்பையில வீசினதை நான் பார்த்தேன்."

"இவர் இப்ப வாயைத் திறக்கப் போறாருடா. ரெண்டு நிமிஷம் போதும்."

"ரெண்டு நிமிஷமா? எட்டு மணி நேரம் அசராம நிப்பேன்!"

பக்கத்தில் நின்ற சக பேராசிரியரைப் பார்த்துத் தணிகாசலம் சிரித்தார்.

"கடலாவது, குட்டையாவது! இந்த ஆள் எழுதினதுல ஒரு பக்கம்கூட நான் படிச்சதில்லை. பொன்னாடைன்னு சொன்னா போதும், ஓடி வந்துடுவாரு."

வெளியே எண்ணூறு பேரும் சட்டென்று அடங்கிப்போனார்கள். மேடையில் சிறப்பு விருந்தினர், தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து மெல்ல மடிக்க ஆரம்பித்தார்.



பேட்டரி பச்சை விளக்கைப் பளிச்சென்று காட்டியது.

"பார்த்தீங்களாண்ணே? ஒரு எழுத்துகூட விட்டுப்போகலை!"