காணாமல் போன பன்னிரண்டாயிரம் நாய்கள்

பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு தெருநாய்களை ஒரே நொடியில் தொலைத்தவள், நாய்களை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

எதிரே நகர சுகாதாரப் பிரிவின் அதிகாரியம்மா, மடியில் கோப்போடு. மேசைக்குப் பின்னால் கால்நடை டாக்டர். கதவோரம் டாக்டரின் மச்சான். ஊரெல்லாம் நாய் பிடிப்பது அவர் பொறுப்பு.

விஷயம் இதுதான். நகரத்துத் தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடும் ஒப்பந்தம் மூன்று வருடமாக டாக்டரிடம் இருந்தது. எந்தத் தெரு, என்ன நிறம், என்றைக்கு ஊசி என்று நாய்க்கு ஒரு வரி. அத்தனையும் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் யாருடைய கம்ப்யூட்டரிலோ வாடகைக்கு எடுத்த இடத்தில், 'நாய்கள்' என்ற ஒரே அட்டவணையில் இருப்பதாகக் கணக்கு. அதைப் பார்க்க வருகிறேன் என்று அதிகாரியம்மா போன வாரம் கடிதம் போட்டார். இன்று வந்து பார்த்தால் அட்டவணை இருக்கிறது. அதில் ஒரு நாய்கூட இல்லை.

"இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தாங்க ஆகுது," என்றார் டாக்டர். "திங்கட்கிழமை, அட்டவணை உருவாக்குற ஸ்கிரிப்டை, அதான் கம்ப்யூட்டருக்கு வரிசையா எழுதி வெச்ச கட்டளைகளை, ஓட்டியிருக்கு. அதுல முதல் வரியே, பழைய அட்டவணை இருந்தா அழிச்சிடுங்கறதுதான். அடுத்த வரிதான் புதுசா உருவாக்கும்."

"நீங்கதானே சார் ஓட்டச் சொன்னீங்க?"

"சொன்னேம்மா. இல்லேங்கல. படிச்சுப் பார்த்துட்டு ஓட்ட வேணாமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். படித்துப் பார்க்கவில்லை என்பது உண்மை. முதல் நாள், புது நாற்காலி, டாக்டரே கொடுத்த ஸ்கிரிப்ட். பயபக்தியோடு ஓட்டிவிட்டாள். 'முடிந்தது' என்று திரையில் வந்ததும் சந்தோஷப்படவும் செய்தாள்.

"மூணு வருஷமா ஒவ்வொண்ணா வலை போட்டுப் பிடிச்சேன் மேடம்," என்றார் மச்சான். "ஒரே பட்டன்ல எல்லாத்தையும் அவுத்து விட்டுட்டா. வலது கால்ல மட்டும் ஏழு கடி. காட்டவா?"

"வேண்டாம்," என்றார் அதிகாரியம்மா. "நகல் எடுத்து வைக்கலையா?"

"எடுக்கணும் எடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தோம்," டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"நாய்களைத் திரும்பப் போய்ப் பார்த்து எழுத முடியாதா?"

"ஊசி போட்டுக்கிட்டேன்னு நாய் கையெழுத்தா போட்டுக் குடுக்கும்?" என்றார் மச்சான்.

"நீ சும்மா இருடா," என்று அவரை அடக்கிவிட்டு டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "போலீஸ் கீலீஸ்னு வேணாங்க. அக்கா வீட்ல தங்கியிருக்கிற பொண்ணு. ஒரு வருஷம் அலைஞ்சு கிடைச்ச வேலை. தெரியாம அழிச்சிட்டேன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுத்துடட்டும். நீங்க கோப்பை மூடிடுங்க. அடுத்த ஒப்பந்தத்துக்கும் தொந்தரவு வராது. நானும் வேலையை விட்டு அனுப்பறதோட விட்டுடுறேன்."

அதிகாரியம்மாவின் முகம் இளகியது. "வேற யாராயிருந்தாலும் இந்நேரம் கத்திக் கூரையைப் பிச்சிருப்பாங்க. நீங்க பெரிய மனுஷன் டாக்டர்."

டாக்டர் அடக்கத்தோடு மேசையைப் பார்த்தார்.

அவளுக்குக் கண் கலங்கியது. எழுதிக் கொடுத்தால் இனி எந்த ஆபீசிலும் டேட்டாபேஸ் பக்கம் விடமாட்டார்கள். கொடுக்காவிட்டால் போலீஸ் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கும். அத்தான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். சாப்பிடும்போது அவள் தட்டை மட்டும் பார்ப்பார். அது போதும். பேனாவை எடுத்தாள்.

'திங்கட்கிழமை காலை, கவனக்குறைவால் நான்...'

"எத்தனை மணிக்கு?" என்றார் அதிகாரியம்மா.

"சுமாரா பதினொண்ணு இருக்கும் மேடம்."

"சுமாரான்னு எழுதினா மேலிடத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. மணி, நிமிஷம் ரெண்டும் வேணும்."

"பதினொண்ணுன்னே போட்டுக்கட்டுமே," என்றார் டாக்டர்.

"அது எப்படி டாக்டர்? ஏம்மா, அந்த நேரம் எங்கேயாவது பதிவாகியிருக்குமா?"

"ஆகியிருக்கும் மேடம்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எந்த வரி எப்போ ஓடிச்சு, ஓடினதும் என்ன ஆச்சுன்னு கிளவுட் தானா எழுதி வைக்கும். நாம அதைத் தொடக்கூட முடியாது."

"அப்போ அதைப் பார்த்து எழுது."

டாக்டர் திடீரென்று எல்லோருக்கும் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். கதவோரம் நின்ற மச்சானைக் காணவில்லை.

அவள் லேப்டாப்பை அதிகாரியம்மா பக்கம் திருப்பி, முதல் வரி ஓடிய இடத்தைத் தேடிக் காட்டினாள். அதிகாரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரத்தைக் குறித்தார். பத்து மணி நாற்பத்தேழு நிமிடம். எந்தக் காகிதத்தையும் பாதியில் விடும் பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் அதற்கு நேரே கிளவுட் எழுதி வைத்திருந்ததையும் விரலால் தொட்டுத் தொட்டு உரக்கப் படித்தார்.

"'நாய்கள்' என்ற அட்டவணை இந்தக் கணக்கில் இல்லை, அழிப்பதற்கு எதுவும் இல்லாததால் அடுத்த வரிக்குச் செல்கிறது."