மெதுவாக ஓடிய டெஸ்ட்

"சார், சாஃப்ட்வேரைச் சோதிக்க நான் எழுதுன டெஸ்டுல இவங்க கை வெச்சிருக்காங்க."

நரேஷ் போட்ட சத்தத்தில் வில்லியனூர் ஆபீஸ் மொத்தமும் திரும்பியது. மொத்தம் என்றால் ஐந்தாறு பேர்தான்.

கரிக்கலாம்பாக்கம் டயாலிசிஸ் சென்டருக்காக அவர்கள் எழுதிய ஜாவா சாஃப்ட்வேர் அன்று மதியம் லைவுக்குப் போய் நிஜமாக ஓடப்போகிறது. நோயாளிகளின் பெயரும் நேரமும் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்துத்தானா பஞ்சாயத்து?

முதலாளி கனகராஜ், அவன் கை காட்டிய ஆரோக்கிய செல்வியைப் பார்த்தார். "இன்னாம்மா பண்ண?"

"டெஸ்டை கன்டெய்னருக்கு மாத்தினேன் சார். ஓட விட்டா, அதுக்குன்னு ஒரு காலி டேட்டாபேஸ் தனியா எழும்பும். முடிஞ்சதும் அதுவே போயிடும்."

"அதான் கட்டவண்டி மாதிரி ஓடுது. எனக்கு டீம் லீட் பதவி குடுத்ததுல இவங்களுக்கு வயித்தெரிச்சல் சார். நீங்களே பாருங்க."

நரேஷ் அவர் கண்ணெதிரிலேயே டெஸ்டை ஓட விட்டான். மெதுவாகத்தான் ஓடியது. முடிவில் எல்லாம் பச்சை.

"பாஸாயிடுச்சு இல்ல, வுடுப்பா" என்றார் கனகராஜ். செல்வியிடம் மட்டும் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். "லீடைக் கேக்காம எதையும் தொடாத. இன்னொரு தடவை இப்படிப் பண்ணா வேற வேலை பாத்துக்க."

"சரி சார்." செல்வி தன் ஸ்கிரீன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் சென்டரிலிருந்து போன் வந்தது. கனகராஜ் ஸ்பீக்கரில் போட்டார்.

"பிரமாதம் சார். எல்லா பேஷண்ட்டும் அவங்கவங்க நேரத்துக்கு வந்து படுத்துட்டாங்க. ஒருத்தர்கூட காத்துக் கிடக்கல."

ஆபீஸே கைதட்டியது. கேக் வாங்கி வரச்சொல்லி, கத்தியை நரேஷிடம் கொடுத்தார் கனகராஜ். நரேஷுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்த தெம்பில் நேராகச் செல்வியிடம் வந்தான்.

"லைவே போயாச்சு. உங்க கன்டெய்னரைத் தூக்கிட்டு டெஸ்டைப் பழையபடி ஆக்குங்க."

"ஆக்கிடலாம் நரேஷ்." செல்வி குரலைத் தாழ்த்தினாள். "காலையில லைவுக்காக சென்டரோட நிஜ டேட்டாபேஸ் முகவரியைப் போட்டீங்க இல்ல? உங்க பழைய டெஸ்டும் அதையேதான் எடுத்துக்கும். ஓடி முடிஞ்சதும் உள்ள இருக்கறதையெல்லாம் அழிக்கச் சொல்லி எழுதியிருக்கீங்க. அதை மட்டும் முதல்ல பாத்துடுங்க."

காலையில் முதலாளி முன்னால் நரேஷ் ஓட விட்டது அந்த டெஸ்டைத்தான். செல்வி அதை மாற்றாமல் இருந்திருந்தால், நோயாளிகளின் பெயரும் நேரமும் அப்போதே அழிந்திருக்கும்.

"சார் அவ்ளோ திட்டினாரே. அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எல்லார் முன்னாடியுமா? போய் கேக்கை வெட்டுங்க, காத்துட்டிருக்காங்க."

நரேஷ் கத்தியை அவள் கையில் வைத்தான்.

"சார், இவங்க வெட்டட்டும். ஏன்னு நான் சொல்றேன்."