இருமுவது யார்?

"வீட்டுல யாராவது இருமறாங்களான்னு கேக்கறீங்களே, இவர் கண்ணு சிவந்ததுக்கும் இருமலுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?" என்று கேட்டாள் மனைவி.

"இது காசநோய்க் கிருமி. ரத்தத்தோட போய் இவர் கண்ணுக்குள்ள உட்கார்ந்திருக்கு. மருந்துல சரியாயிடும். ஆனா யார்கிட்டேருந்தோ தொத்தியிருக்கணும். மூடின அறையில, பக்கத்துல உட்கார்ந்து, பல நாள் பழகின ஆள். அவங்களைச் சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. விட்டா உயிருக்கே ஆபத்து."

"எங்க வீட்டுல யாரும் இருமறதில்லையே" என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலம் ஆனா ஓவர்டைம்னு கிளம்புறீங்களே, அந்த ஓவர்டைம்தான் இருமுதா?"

அவன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"சட்டையில தைல வாசனை வரப்பவே நினைச்சேன். யாரு அவ?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"வாக்கு வேறயா? அப்ப இருமியே சாகட்டும். எனக்கென்ன வந்தது?"

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"அப்படிச் சொல்லாதே. மாமாதான்."

"எந்த மாமா?"

"எனக்கு எத்தனை மாமனார் இருக்காங்க? செத்தாலும் அவர் முகத்துல முழிக்கமாட்டேன்னு நீ சொன்னதிலேருந்து தனியாத்தான் கிடக்கறார். சும்மா சீட்டாடப் போவேன். வந்து போறது உனக்குத் தெரியக்கூடாதுன்னார்."

அவள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் அதே தைலத்தைத்தான் தேய்ச்சுக்கறாரா?" என்றாள். பிறகு, "வண்டியைக் கூப்பிடுங்க. வழி நீங்கதான் சொல்லணும்" என்றாள்.